பூ முகர்ந்த காளை

வேற்றுமையைப் பொறுத்தல் வேண்டுமெனச் சிறுவர்க்கு உணர்த்தும் விலங்குக் கதைகளுள் தலையாயது, அன்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை என்பர். பண்ணைக் கோழிகளும் வாத்துகளும் கொத்தித் துரத்திய குஞ்சு ஈற்றில் அன்னமெனத் தெளிந்து போற்றப்படுகின்றது. அஃது அன்னமாகாது அழகற்ற வாத்தாகவே வளர்ந்திருப்பின் யாது கதி? கதையில் இதற்கு விடையில்லை. அழகு வெளிப்பட்டபின் போற்றுதல் வேற்றுமையை ஏற்றுக்கொள்ளுதல் ஆகாது.

இக்குறையை நிரப்புவது, 1936இல் அமெரிக்கரான மன்றோ லீஃப் எழுத, றொபேட் லோசன் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் தீட்டிய பேர்டினன்ட் என்னும் காளையின் கதை. ஸ்பானிய நாட்டுக் கன்றான அது, ஏனைய கன்றுகளோடு முட்டி விளையாடாது மரநிழலிலிருந்து பூ முகர்கின்றது. தனிமையால் வாடுமோ என அஞ்சிய தாய்ப்பசு, கன்றையே வினவித் தெளிந்து, அதன் போக்கில் விடுகின்றது. பின்னர், வண்டு கொட்டத் துள்ளியதை வீரமென மயங்கி மட்றிட் நகரப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றோர், அங்கும் அது பூமணத்தில் திளைக்கக் கண்டு வீடு சேர்க்கின்றனர். அவர்கள் தோற்றனரேயன்றி அதனை ஏற்றனரல்லர். ஏற்றது தாய் ஒன்றே. காளையோ கடைசிவரை மாறவில்லை. இதுவே நூலின் உயர்வு.

மாட்டுவண்டிச் சவாரியில் காளையின் விரைவையே வியந்து வளரும் எம் யாழ்ப்பாணத்துச் சிறுவர் இதனைக் கற்றல் நன்று. ஆசிரியர் கற்றல் அதனினும் நன்று. விளையாட்டுக்கு வாராது ஒதுங்கிய மாணவனைப் ‘பயந்தாங்கொள்ளி’ என வைதோருள் யானும் ஒருவன். அத்தாய்ப்பசுவைப்போல் முதலில் அவனை வினவினேனல்லேன்.