கைவாகு என்றொரு சாக்கு

புதுச்சேரியில் எதன்மீதும் பிரெஞ்சு முத்திரை குத்திவிட்டால் விலை ஏறும். ரொட்டிக்குக் குத்தினோம், மஞ்சள் சுவருக்குக் குத்தினோம். இப்போது சவரக்கத்தியின் முறை. வெந்நீர்த் துண்டும் நுரைக்கிண்ணமுமாகக் குளிரூட்டிய சலூன்களில் நடக்கும் கத்திச் சவரத்தைப் புகழ்வோர் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது, அது கைவாகு. கத்தியின் நன்மையை மறுக்கவில்லை. விளிம்பு ஒன்றே ஆனதால் மயிர் அடைத்துக்கொள்ளாது. கிருதாவும் மீசையோரமும் நூல் பிடித்ததுபோல் வரும். என் சண்டை அந்த மணிக்கட்டோடுதான்.

கத்தி தோலோடு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். கூடினால் சுரண்டும், குறைந்தால் மயிரைப் பிடித்து இழுக்கும். மணிக்கட்டோ ஒரு கீல். அதைச் சுழற்றி வீசினால் கத்தி வில்லாக வளைந்துதான் போகும். புறப்படும்போது இருந்த சாய்வு போய்ச் சேரும்போது இருப்பதில்லை. முழங்கையும் கீல்தானே என்று கேட்கலாம். ஆனால் அதன் வீச்சு நீளமானது. தாடையில் இரண்டு விரற்கடை தூரம் இறங்குவதற்குள் சாய்வு பெரிதாக மாறிவிடாது. மாறுகிற அந்தச் சிறிதையும் தோள் சரிக்கட்டிவிடும். ஆகவே மணிக்கட்டின் வேலை சாய்வை வைத்துக்கொடுப்பது. வைத்தபின் அது அசையக் கூடாது. இழுப்பது முன்கை. பிரெஞ்சு மரபு என்பவர்கள் அந்த மரபையாவது திறந்து பார்த்திருக்கலாம். பாரிஸின் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே, தானே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூலை 1769இல் வெளியிட்டார். தச்சரின் இழைப்புளியைப்போலக் கத்திக்கு மரக்காப்பு மாட்டும் யோசனையும் அவருடையதே. அலகு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதைக் கையின் சாமர்த்தியத்துக்கு விடாமல் மரத்திடம் ஒப்படைத்தவர் அவர். வீசும் மணிக்கட்டுக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது வேடிக்கை.

முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர்கள் மணிக்கட்டால்தானே இழுக்கிறார்கள், ரத்தம் வருவதில்லையே என்பது அடுத்த வாதம். அவர்களே குரல்வளை மேட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? மணிக்கட்டு இறுகிவிடுகிறது, இழுப்பு குட்டையாகிறது, இடக்கை விரல்கள் தோலை மேலே இழுத்துப் பிடிக்கின்றன. ஆபத்தான இடத்தில் சரியான முறை தானாக வருகிறதென்றால், கன்னத்தில் செய்வது வெறும் அலங்காரம். ரத்தம் வராதது பெரிய சான்றும் அல்ல. எதிர்ச் சவரத்தில் மணிக்கட்டைச் சுண்டும்போது மயிர் தோல் மட்டத்துக்கும் கீழே அறுபடுகிறது. சுருட்டை மயிர்க்காரர்களுக்கு அது உள்ளேயே வளைந்து வளர்ந்து சில நாளில் கழுத்தெல்லாம் பருக்கள். அதற்குள் படிகாரம் தடவி அனுப்பிய கடை எந்தப் பழியும் இல்லாமல் தப்பிவிடுகிறது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்காததல்ல. தோல்வாரில் தீட்டிய பழைய கத்திக்குக் கனம் உண்டு. அந்தக் கனமே அதைப் பாதையில் வைத்திருக்கும், மணிக்கட்டு கொஞ்சம் துள்ளினாலும் பொறுத்துக்கொள்ளும். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபின் பரவிய அச்சத்தில் ஆளுக்கொரு புது பிளேடு என்பது விதியானது. நல்ல விதி, அதில் பேச்சில்லை. ஆனால் பாதியாக ஒடித்த பிளேடைக் கவ்வும் மடக்குப்பிடி இலேசானது, அலகோ மிகக் கூர்மை. கருவி மாறியது, கை மாறவில்லை. கனமான கத்திக்குப் பழகிய அதே துள்ளலை இலேசான பிடியில் காட்டி, அதையே கலை என்று கூடுதல் கட்டணத்துக்கு விற்கிறோம்.

கையை உயர்த்தியே வைத்தால் தோள் வலிக்கும் என்பது தொழிலாளர் தரப்பின் நியாயமான குறை. அதற்கு மருந்து நாற்காலியின் உயரத்தில் இருக்கிறது. முழங்கை விலாவை ஒட்டி நிற்கும் அளவுக்கு வாடிக்கையாளரை ஏற்றியோ இறக்கியோ உட்கார வைத்தால் போதும். வெந்நீர்த் துண்டுக்குச் செலவழிக்கும் முதலாளிகள் ஏற்றி இறக்கும் நாற்காலிக்கும் செலவழிக்கட்டும்.

அடுத்த முறை உட்காரும்போது கண்ணாடியில் கத்தியைப் பார்க்காதீர்கள்; பிடித்திருப்பவரின் முழங்கையைப் பாருங்கள். அது அசையாமல் மணிக்கட்டு மட்டும் ஆடினால், எதிர்ச் சவரம் வேண்டாம் என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.