பெயரும் நினைவும்: எழுபதுகளின் றொக் இசைவிழா ஏக்கம் பற்றி ஒரு நோக்கு

கழிந்துபோன காலத்தை எண்ணி ஏங்குதல் மனித இயல்பு. அவ்வேக்கம் தனிமனித உள்ளத்தின் உணர்ச்சியாக இருக்கும்வரை அதனைப் பற்றித் திறனாய்வாளன் கூறுவதற்கு அதிகமில்லை. ஆனால் அது நூலாகவும் திரைப்படமாகவும் இசைத்தட்டாகவும் படம் அச்சிட்ட மேற்சட்டையாகவும் சந்தைக்கு வரும்போது ஒரு பண்பாட்டு வடிவமாகிவிடுகின்றது. எதனை நினைக்கின்றோம், எதனை மறக்கின்றோம், இத்தெரிவினை எமக்காகச் செய்தவர் யாவர் என்னும் வினாக்கள் அப்போது தவிர்க்கமுடியாதனவாகின்றன. 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் திறந்தவெளிகளில் நடைபெற்ற றொக் இசைவிழாக்கள் பற்றி இற்றைவரை பெருகிவரும் நினைவுக் குறிப்புகள் இவ்வினாக்களை எழுப்புவதற்குத் தக்க களமாக அமைகின்றன.

இக்குறிப்புகளைத் தொடர்ந்து படிப்போர் ஒன்றினை அவதானிக்கலாம். விழாக்களை நினைவுகூருவோர் பலர் அவற்றோடு தொடர்புற்ற பொருள்களின் பெயர்க் கதைகளையும் விருப்போடு கூறிச் செல்வர். கிற்றாரின் பெயர் யாருடையது, ஒலிபெருக்கியின் பெயர் எங்கிருந்து வந்தது, இன்ன குழு தன் பெயரை எந்த வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டது என்பன அக்கதைகள். மேலோட்டமாக நோக்குமிடத்து விழா நினைவும் வணிகப் பெயரின் பிறப்புக் கதையும் தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயின் இரண்டிலும் இயங்குவது ஒரே வேட்கைதான். பண்டத்தின் பின்னால் ஒரு மனிதனையும், விளம்பரத்தின் பின்னால் ஓர் ஊரையும் காண விழையும் வேட்கை அது. அவ்வேட்கை நேரியதே. அதற்குக் கிடைக்கும் விடைதான் பெரும்பாலும் பாதிக் கதையாக நின்றுவிடுகின்றது.

எழுபதுகளின் விழாக்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்ட 'வூட்ஸ்டொக்' என்னும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 வரை நடைபெற்ற அவ்விழா வூட்ஸ்டொக்கில் நடைபெறவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் பெதெல் என்னும் சிற்றூரில், மக்ஸ் யாஸ்கர் என்பாரின் பாற்பண்ணை நிலத்திலேயே அது நிகழ்ந்தது. வூட்ஸ்டொக் அங்கிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. பொப் டிலான் வாழ்ந்த ஊர் என்பதால் இசையுலகில் அதற்கொரு மதிப்பு இருந்தது. இளைஞர் நால்வர் கூடி 'வூட்ஸ்டொக் வென்சர்ஸ்' என்னும் கம்பனியை அமைத்தபோது அம்மதிப்பையே தமது முதலாகக் கொண்டனர். வோல்கில் என்னும் ஊர் அனுமதி மறுத்தமையால் விழா பெதெலுக்கு இடம்பெயர்ந்தது. இடம் மாறிற்று, பெயர் மாறவில்லை. ஆகவே விழா நிகழ்வதற்கு முன்னரே அப்பெயர் ஊரினின்றும் பிரிந்து ஒரு வணிகப் பெயராகிவிட்டது.

இவ்விழாவை இலாப நோக்கற்ற தூய தொடக்கமாகவும், பின்வந்த வணிகத்தை அதன் சீரழிவாகவும் காண்பது ஏக்க எழுத்தின் வழமை. உண்மை வேறு. மூன்று நாள்களுக்கு 18 டொலர் வீதம் ஏறத்தாழ 1,86,000 அனுமதிச் சீட்டுகள் முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தன. வேலியும் நுழைவாயிலும் உரிய வேளையில் முடிவுறாமையாலும், நான்கு இலட்சத்தையும் எட்டியதாக மதிப்பிடப்படும் கூட்டம் திரண்டமையாலும் விழா இலவசம் என அறிவிக்க நேர்ந்தது. இன்று யாவரும் எண்ணி உருகும் அந்தத் தாராளம் திட்டத்தினால் விளைந்ததன்று. திட்டம் தோல்வியுற்றதால் விளைந்தது. பின்னர் 1999 இல் நியூயோர்க் மாநிலத்தின் றோம் நகரில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளமொன்றில் அதே பெயரில் விழா நடத்தப்பட்டபோது ஒரு போத்தல் தண்ணீர் 4 டொலருக்கு விற்கப்பட்டது. இறுதி இரவில் கூட்டத்தினர் தீ மூட்டினர். ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2019 இல் திட்டமிடப்பட்ட விழா நடைபெறாமலே கைவிடப்பட்டது. பெயர் கையிலிருந்தால் நிகழ்ச்சியையும் மீட்கலாம் என்ற நம்பிக்கை பொய்த்தமைக்கு இவையிரண்டும் சான்று.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1973 ஜூலை 28 ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்திலேயே, வொட்கின்ஸ் கிளென் என்னும் மோட்டார் ஓட்டப்பந்தயத் திடலில் கிரேட்புல் டெட், த பான்ட், ஓல்மன் பிரதர்ஸ் ஆகிய மூன்று குழுக்களே பங்குபற்றிய இசைவிழா ஒன்று நடந்தது. திரண்டோர் தொகை ஏறத்தாழ 6,00,000 என மதிப்பிடப்படுகின்றது. வூட்ஸ்டொக்கிலும் பெரிய கூட்டம் இது. இருந்தும் இசையார்வலர் வட்டத்துக்கு வெளியே இதனை நினைப்பார் சிலரே. வூட்ஸ்டொக் போலப் புகழ்பெற்ற திரைப்படம் இதற்கு வாய்க்கவில்லை. விற்பனைக்குரிய தனிப்பெயரும் வாய்க்கவில்லை; வொட்கின்ஸ் கிளென் என்பது ஓட்டப்பந்தயத் திடலின் பெயராகவே நின்றுவிட்டது. பொதுநினைவு நிகழ்ச்சியின் அளவைப் பின்பற்றிச் செல்வதில்லை என்பதும், சந்தையில் நிலைபெற்ற பெயரையே அது பின்பற்றுகின்றது என்பதும் இதனாற் புலனாகும்.

இனிப் பொருட்பெயர்களுக்கு வருவோம். கலிபோர்னியாவின் புலர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய லியோ பென்டர் மின்கிற்றார் செய்து புகழ்பெற்ற கதை ஏக்க எழுத்தாளர் விரும்பிக் கூறும் கதைகளுள் ஒன்று. சிறு கடை, கைத்திறன், விடாமுயற்சி, ஈற்றில் உலகப் புகழ் என்று அக்கதை முடிந்துவிடும். ஆனால் 1965 இல் அவர் தம் தொழிலகத்தைச் சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றுவிட்டார். வூட்ஸ்டொக்கின் இறுதிக் காலையில் ஜிமி ஹென்றிக்ஸ் மீட்டிய வெண்ணிறக் கிற்றார் 1968 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதாவது, ஒரு தலைமுறையின் கலகக் குரலாகப் போற்றப்படும் அக்கருவியில் பொறிக்கப்பட்டிருந்தது, தன் உரிமையாளனைவிட்டு முன்னரே பிரிந்துபோன ஒரு பெயர். பென்டர் பின்னர் ஜோர்ஜ் புலர்ட்டனோடு சேர்ந்து மீண்டும் கிற்றார் செய்யத் தொடங்கியபோது அவர்தம் பெயர் அவருக்கு உதவவில்லை. தமதும் தோழரதும் முதலெழுத்துகளைக் கொண்டு 'ஜீ அன்ட் எல்' என்று புதுப்பெயர் சூட்டவேண்டியதாயிற்று.

இதே வரலாறு மோட்டார்த் தொழிலில் முன்னரே நடந்தது. றான்சம் ஈலை ஓல்ட்ஸ் என்பார் தம் பெயரால் விளங்கிய ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தை விட்டு 1904 இல் வெளியேறினார். பெயர் நிறுவனத்தோடு தங்கிவிட்டது. எஞ்சிய மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து 'றியோ' என்ற புதிய கம்பனியை அவர் அமைத்தார். அதன் லொறிகளுள் ஒன்று 'ஸ்பீட் வாகன்'. இலினோய் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1967 இல் அமைத்த றொக் குழு அந்த லொறியின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அதன் முதல் இசைத்தட்டு 1971 இல் வெளிவந்தது. லொறி மறைந்தது. ஓல்ட்ஸ்மொபிலும் 2004 இல் நின்றுபோயிற்று. குழுவின் பெயர் மாத்திரம் இசைத்தட்டுகளில் வாழ்கின்றது. பெயரின் மூலத்தை அறிந்து மகிழும் இரசிகன் அம்மூலத்திலேயே ஓர் இழப்பு இருந்ததைக் காண்பதில்லை. தன் பெயரைத் தானே இழந்த ஒருவன் எஞ்சிய எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்த கதை அது. வணிகப் பெயரின் பிறப்பைக் கூறுவோர், அது மனிதனைவிட்டுப் பிரிந்த நாளையும் கூறுதல் வேண்டும்.

வணிகப் பெயர் எப்போதும் மறைப்பதற்கே பயன்படுகின்றது என்று பொதுமைப்படுத்தலும் தவறாகும். 1972 ஆகஸ்ட் 20 ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கொலிசியம் அரங்கில் நிகழ்ந்த 'வொட்ஸ்டாக்ஸ்' விழா இதற்குச் சான்று. அது றொக் விழாவன்று. கறுப்பின மக்களின் சோல் இசைவிழா. ஜிம் ஸ்ருவேட், எஸ்டெல் அக்ஸ்டன் என்னும் உடன்பிறப்புகளின் குடும்பப் பெயர்களிலிருந்து இரண்டிரண்டு எழுத்துகளை எடுத்து அமைந்தது 'ஸ்டாக்ஸ்' என்னும் இசைத்தட்டுக் கம்பனியின் பெயர். அதனோடு 1965 இல் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்த 'வொட்ஸ்' என்னும் குடியிருப்பின் பெயர் இணைக்கப்பட்டது. அனுமதிக் கட்டணம் ஒரு டொலர்; வந்தோர் ஓர் இலட்சத்துக்கு மேல். மெல் ஸ்ருவேட் இயக்கி 1973 இல் வெளிவந்த திரைப்படம் மேடையைக் காட்டுமளவுக்கு வொட்ஸ் மக்களின் தெருவோரப் பேச்சையும் காட்டுகின்றது. கம்பனிக்கு இதில் ஆதாயம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பெயர் தன் ஊரையும் மக்களையும் உள்ளடக்கியே ஒலித்தது. வூட்ஸ்டொக் என்ற பெயர் செய்யாததை வொட்ஸ்டாக்ஸ் என்ற பெயர் செய்தது எனலாம்.

இவ்வேறுபாடு மைக்கேல் வொட்லி இயக்கி 1970 இல் வெளிவந்த 'வூட்ஸ்டொக்' திரைப்படத்தில் இன்னொரு வகையில் வெளிப்படுகின்றது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் பரிசு பெற்ற அப்படத்தின் கலைச்சிறப்பை மறுப்பதற்கில்லை. திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, பாடுவோரையும் கேட்போரையும் அருகருகே வைக்கும் அதன் உத்தி, விழாவின் நாயகன் கூட்டமே என்பதை நன்கு உணர்த்துகின்றது. அப்படத்தின் மறக்கவியலாத காட்சி மேடையில் நிகழ்வதன்று. தற்காலிகக் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்யும் நடுத்தர வயதுத் தொழிலாளி ஒருவர் தம் வேலைக்கிடையே கமெராவுக்கு முன் பேசுகின்றார். தம் மகன் ஒருவன் இவ்விழாவுக்கு வந்துள்ளான் என்றும், மற்றொருவன் வியட்நாமில் இருக்கின்றான் என்றும் சிரித்த முகத்துடன் கூறுகின்றார். அக்காலத்து அமெரிக்கா முழுவதும் அந்த ஒரு தந்தையின் வாய்மொழியில் அடங்கிவிடுகின்றது.

அம்மனிதர் பின்னர் தம் இசைவின்றித் தம்மைப் படத்திற் பயன்படுத்தினர் என்று வழக்குத் தொடுத்தார். 1973 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கு விசாரிக்கத்தக்கது எனத் தீர்ப்பளித்தது. இதனை விழா ஏக்க எழுத்துகளிற் காண்பது அரிது. அவ்வெழுத்துகளில் அவருக்குப் பெயருமில்லை. 'போட்டோசான் மனிதர்' என்றே அவர் குறிக்கப்படுகின்றார். போட்டோசான் என்பது அக்கழிப்பிடத்தின் வணிகப் பெயர். கிற்றாரைச் செய்தவனின் பெயர் பண்டத்திற்குச் சென்றது; கழிப்பிடத்தைக் கழுவியவருக்கோ பண்டத்தின் பெயரே பெயராயிற்று. விழா ஏக்கமும் பெயர் ஆர்வமும் சந்திக்கும் புள்ளி இதுவே. இங்கு நின்று நோக்கினால் இரண்டின் குறைபாடும் தெளிவாகும்.

அப்படியாயின் இவ்வேக்கம் முழுவதும் பொய்யுணர்வு என்று ஒதுக்கிவிடலாமா? அவ்வாறு ஒதுக்குதல் வரட்டுவாதமாகும். பெதெலில் உணவு தீர்ந்தபோது ஹொக் பாம் என்னும் கூட்டுவாழ்வுக் குழுவினர் பல்லாயிரவருக்கு உணவளித்தனர். சுற்றுவட்டாரத்து மக்களும் உணவு ஆக்கி அனுப்பினர். 1970 இல் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த விழாவில் வேலியின் இருபுறமும் நின்றோரிடையே பூசல் மூண்டு, ஈற்றில் விழா இலவசம் என அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே இத்தகைய பெருங்கூட்டங்களை அத்தீவிற் கட்டுப்படுத்தப் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிற்று. விலைகொடாமல் கூடுதலும், கூடியோர் ஒருவரையொருவர் தாங்குதலும் சிலநாள்களுக்கேனும் கைகூடின என்பது வரலாற்றுண்மை. ஏங்குவதாயின் அதற்காக ஏங்குதல் தகும். மேற்சட்டையில் அச்சிடப்பட்ட பெயர் அந்த அனுபவத்தைத் தாங்கிவருவதில்லை.

இது பிறர் குறை மாத்திரமன்று. எமது ஊர்களில் விடியும்வரை ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளை நினைவுகூருவோர் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தைத் தவறாது குறிப்பிடுவர். பேர்லின் நகரத்து விளக்குத் தயாரிப்பாளரான மக்ஸ் கிரேற்ஸ் என்பாரின் பெயரும் பெற்றோலியமும் சேர்ந்து பிறந்த வணிகப் பெயர் அது. எம்மவர் நாவில் அது விளக்கின் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அப்பெயரின் மூலத்தை அறிதல் சுவையானதே. ஆனால் இரவு முழுவதும் அவ்விளக்குக்குக் காற்றடித்து, ஒளி மங்காமற் காத்தவரின் பெயரை எமது நினைவுக் கட்டுரைகளும் பதிந்து வைக்கவில்லை. அண்ணாவியாரின் பெயர் உண்டு, அரசனாக ஆடியவரின் பெயர் உண்டு, விளக்கின் பெயரும் உண்டு.

பழங்காலத்தை நினைத்தல் திறனாய்வுக்குப் பகையன்று. நினைவு எங்கே நின்றுவிடுகின்றது என்று கேட்பதே திறனாய்வின் கடமை. பொருளில் எழுதப்பட்ட பெயரோடு அது நின்றுவிடுமாயின், அந்நினைவு சந்தையின் கணக்கேட்டில் இன்னொரு பதிவாகவே எஞ்சும். அப்பெயருக்குப் பின்னால் உழைத்த கையையும், அக்கை பெயரைவிட்டுப் பிரிக்கப்பட்ட நாளையும் தேடிச் செல்லுமாயின், அப்போதுதான் ஏக்கம் வரலாறாக மாறும்.