நிலவறையும் கூத்துக்களரியும்: அபாய உணர்வு பற்றிய ஒரு நோக்கு

1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடப்படும் விளையாட்டாகும். ஒருவர் இருண்ட நிலவறையை வருணிக்க, ஏனையோர் அதனுட் புகுந்தோராய்ப் பேசுவர். ஐயத்துக்குரிய இடத்தைப் பகடை தீர்க்கும். இதிலே அபாய உணர்வு எங்ஙனம் பிறக்கிறது? பூதங்களின் வலிமையால் என்பார் உளர். நாம் உடன்படோம்.

1981இல் டொம் மோல்ட்வே பதிப்பித்த தொடக்கநிலை விதிநூலை நோக்குக. சுற்றொன்று பத்து நிமிடம். தீவட்டியொன்று ஆறு சுற்றுகளே எரியும். இரு சுற்றுக்கொருமுறை உருட்டும் பகடையில் ஒன்று விழுந்தால், அலைந்து திரியும் கொடுவிலங்கு எதிர்ப்படும். அச்சம் விலங்கிலன்று, குறைந்துவரும் வெளிச்சத்திலேயே உள்ளது. இன்னுமோர் அறையைத் திறப்பதா, திரும்புவதா என வாதிடும்போதே ஆடுவோர் குரல் தாழ்கிறது. மாறாக, கைகாக்ஸ் 1975இல் போட்டிக்கென ஆக்கி 1978இல் நூலாக வெளிவந்த ‘டூம் ஒப் ஹொரர்ஸ்’ என்னும் கல்லறையில், ஒரு தவறான செய்கையே உயிரைப் பறித்துவிடும். நுழைவழியிலே புதிர்ப்பாட்டொன்று குறிப்புத் தருவது உண்மையே. ஆயினும் பல பொறிகளுக்கு அது போதாது. முன்னறிகுறியற்ற சாவு திடுக்கிடச் செய்யும்; பதைபதைக்கச் செய்யாது.

முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தில் பகடை இல்லை. முடிவை யாவரும் அறிவர். எனினும் சிலம்புடன் கோவலன் பொற்கொல்லனை அணுகுகையில் களரியைச் சுற்றியிருப்போர் கலங்குவர். அவர்கள் அறிந்ததற்கும் கோவலன் அறியாததற்கும் இடையேயுள்ள வெளியிலேதான் அந்தக் கலக்கம் பிறக்கிறது. மறைப்பதே திறன் எனக் கருதும் நிலவறை நடத்துநர் இக்கூத்திடம் கற்கவேண்டியவை பல.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்காலை மனத்திருத்தி இதனை எழுதுகையில் வேறொரு வினா எழுகிறது. 2009இல் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயம் நாளுக்குநாள் ஒடுங்கி இங்கு வந்து முடிந்தது. அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்களுக்குத் தெரிவென்று ஏதும் இருக்கவில்லை. அதனைச் சாகசத்தின் சொற்களால் விளக்குதல் தகாது. ஆகவே, தப்ப வழியில்லாமையை விளையாட்டின் உச்சமாகப் போற்றும் திறனாய்வை நாம் ஏற்பதற்கில்லை. தெரிவு நீங்கியவிடத்து எஞ்சுவது விளையாட்டன்று. எமது மாணவர் இதனைத் தமிழில் ஆக்க முனைவராயின், வெளியேறும் வழியை முதலில் வரைக; பூதங்களை அதன்பின் வைக்கலாம்.