காற்றைப் பெயர்த்து வர முடியாது

ஐரோப்பாவின் ஒதுக்குப்புறச் சதுப்புகளில் நடந்து, குள்ளப் பைன்களைத் தேடிப் பெயர்த்து வருகிறவர்களை நம் போன்சாய் ஆர்வலர்கள் வியந்து பேசுகிறார்கள். அதே கண்ணோடு இப்போது நம் நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டன் பக்கமும் பார்க்கிறார்கள். எப்படியும் சாகப்போகிற மரத்துக்குத் தொட்டியில் வாழ்வு கொடுக்கிறோம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

தேடுகிறவரின் கண்ணை நான் மதிக்கிறேன். பெருமரத்தின் கிளையில் அடர்ந்து முளைக்கும் குட்டைக் கொத்திலிருந்து ஒரு குச்சியை மட்டும் வெட்டி ஒட்டுக் கட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கே இல்லை. தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

என் வழக்கு மண்வெட்டியோடுதான். சதுப்பில் நீர் வடியாது, வேருக்குக் காற்றுக் கிடைக்காது, புளித்த மண்ணில் சத்தும் இல்லை. அதனால் கட்டைவிரல் பருமனுள்ள பைனுக்கு நூறு வயது கடந்திருக்கலாம். வாய்க்கால் வெட்டி நீரை வடியவிட்டால் அதே மரம் மளமளவென்று வளரும். இந்தக் குள்ளம் விதையில் வந்ததல்ல, இடம் கொடுத்தது.

இலங்கைக்கென்று இயல்பான ஊசியிலை மரம் கிடையாது. நம் சரிவுகளில் நிற்கும் பைன்கள் மனிதர் நட்டவை. ஆனால் இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர பாதையில் ஏறிப் போனால் ரிவர்ஸ்டனில் குள்ளக்காடே இருக்கிறது. அங்கே மரத்தைக் குறுக்குவது ஓயாத காற்றும் பாறைமேல் கிடக்கும் மெல்லிய மண்ணும்.

மாத்தளையில் நண்பர் ஒருவரின் முற்றத்தில் அங்கிருந்து பெயர்த்த மரம் ஒன்றைப் பார்த்தேன். முழங்கால் உயரம். கிளையில் இருந்த பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது. புதுத் தளிரின் இலை பழைய இலையைவிட இரண்டு மடங்கு பெரிது. இனி கிள்ளியும் கம்பி சுற்றியும்தான் அதைக் குள்ளமாக வைத்திருக்க வேண்டும். மூன்று பெயர்த்ததில் இது ஒன்றுதான் தேறியது என்றார். அப்படியானால் சாகப்போகிற மரங்கள் எவை? மலையில் காற்றோடு நின்றவையா, முற்றத்துக்கு வந்து பட்டுப்போன இரண்டுமா?

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. சட்டத்தை விட்டுவிட்டு, மரம் பெயர்த்த குழியை மட்டும் பாருங்கள். அங்கே மண்ணைப் பிடித்திருப்பது ஒன்றோடொன்று பின்னிய வேர்கள். ஒரு மரம் போனால் அடுத்த மழை அந்தக் குழியின் விளிம்பை அரிக்கிறது. பக்கத்து மரத்தின் வேர் வெளியே தெரிகிறது. அந்த மரத்தையும் சாகப்போகிற மரம் என்று சொல்லி யாரோ ஒருவர் பெயர்த்துக்கொண்டு போவார்.