பிறந்ததும் அழுததா? – குழந்தை இறப்பு ஆய்வுப் படிவத்தை முன்வைத்து

எங்க அம்மாவுக்கு நான் இரண்டாவது பிள்ளை. முதல் பையன் பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டான். ஏன் என்று கேட்டால் "பச்ச ஒடம்போட பச்சத் தண்ணில குளிச்சிட்டேன்" என்றுதான் இன்றும் சொல்வார். காரணம் அதுவாக இருக்காது. ஆனால் வேறு எதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட குழந்தை இறப்பு ஆய்வு வழிகாட்டியை நான் வாசித்தது இந்தப் பின்னணியோடுதான். சார்பு இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி மோசமானதல்ல. ஐந்து வயதுக்குள் நடக்கும் எந்த இறப்பும் 24 மணி நேரத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய்ச் சுருக்கமாக விசாரிப்பார். தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு விரிவான வாய்மொழி விசாரணையும் உண்டு. முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சையில் தாமதம் என்று மூன்றையும் கேட்கச் சொல்கிறது. சர்வர் விழுந்தால் யாரைத் திட்டுவது என்று தேடாமல் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்ப்போமே, அதே புத்திதான்.

இதைக் கல்வராயன் மலையில் வைத்துப் பாருங்கள். வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்கினால் கள்ளக்குறிச்சி. அங்கே முடியாவிட்டால் சேலமோ விழுப்புரமோ. மலையே கள்ளக்குறிச்சி, சேலம் என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. மலைக்கிராமத்துக் குழந்தை சேலத்தில் இறந்தால் சேலத்துப் பதிவேட்டில் ஒரு வரி. அந்தத் தகவல் திரும்ப மலையேறினால்தான் இரண்டாவது தாமதத்தை, அதாவது சாலையை, யாராவது விசாரிக்க முடியும். ஏறாவிட்டால் மருத்துவமனை எழுதிய "எடை குறைவு, மூச்சுத்திணறல்" என்பதே கடைசி வார்த்தை. மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டதுகூட 2024-இல், கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான்.

இன்னொன்று, விகிதம். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13; இந்தியாவுக்கு 28. பெருமைதான். ஆனால் இது மாநில எண். ஒரு பேச்சுக்கு, ஒரு மலைப்பகுதியில் ஆண்டுக்கு 1000 பிரசவம் என்று வையுங்கள். சராசரி 13 என்றால், எதுவுமே மாறாமல் ஒரு வருஷம் 7, மறு வருஷம் 19 என்று வருவது சாதாரணம். "குறைத்துவிட்டோம்" என்பதும் "கூடிவிட்டது" என்பதும் இரண்டுமே சத்தம். சின்ன இடத்தில் விகிதம் பேசாது. ஒவ்வொரு கதையும்தான் பேசும்.

கதை கேட்பது நமக்குப் புதுசில்லை. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு இருந்த 1990-களில் டாக்டர் கஜலட்சுமியின் குழு சென்னையிலும் விழுப்புரத்திலும் வீடுவீடாகப் போய் 80,000 பெரியவர்களின் இறப்புக் காரணங்களை விசாரித்தது. பதிவேட்டில் "முதுமை" என்றோ காரணமே இல்லாமலோ கிடந்தவை பல தெளிவாயின. வீட்டில் இருப்பவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியதுதான் அதன் பலம். டிக் அடிக்கும் கட்டங்கள் கூடக்கூட அந்தப் பகுதிதான் முதலில் சுருங்குகிறது.

என் பெரிய சண்டை வேறு இடத்தில். 2014 வழிகாட்டி உயிரோடு பிறந்த குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. வயிற்றிலேயே இறந்தவற்றுக்கு 2016-இல் வந்த தனி வழிகாட்டி, அதுவும் தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளை வைத்து. பிரசவ நேரத்தில் மூச்சு முட்டி இறந்த குழந்தை இரண்டு தடவை மூச்சு விட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து எந்த நோட்டில் ஏறும் என்பது மாறுகிறது. காரணம் ஒன்று, தாமதம் ஒன்று, நோட்டு இரண்டு. ஜீப்பிலேயே பிரசவமானால் அதை யார் பார்த்துச் சொல்வது?

அமெரிக்காவில் 1990-களில் பரவிய முறையில் கருவில் இறந்ததும் சிசுவாய் இறந்ததும் ஒரே மேசைக்கு வரும். தாயின் பேட்டி உண்டு, பெயர்கள் நீக்கப்படும், ஒரு குழு ஆராயும், இன்னொரு குழு அதை வைத்து வேலை செய்யும். நம்மூருக்கு இதோடு இன்னொரு கட்டமும் வேண்டும் என்பேன்: தெரியவந்ததைத் திரும்பப் போய் அந்த அம்மாவிடம் சொல்வது.

படிவத்தில் இருக்கும் கேள்விகளைப் போன மாதம் எங்க அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். பிறந்ததும் குழந்தை அழுததா? கொஞ்ச நேரம் யோசித்தார். "அழுவல. தலகீழா புடிச்சித் தட்டினாங்க, அப்பவும் அழுவல" என்றார். பால் குடித்தானா என்றேன். "சப்பத் தெரியலடா" என்றார். பிறகு, "ஏன்டா, அதுவா காரணம்?" என்று கேட்டார்.