குளம்போசையும் பதினாறாவது பஹ்ரும்

நம் அரபுக் கல்லூரிகளில் அரூழ் கற்பிக்கும்போது, கலீல் இப்னு அஹ்மத் வகுத்த பதினைந்து பஹ்ர்களையும் அக்ஃபஷ் சேர்த்ததாகக் கூறப்படும் பதினாறாவதான முததாரக்கையும் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் புதுக்கவிதையை, 'யாப்பறியாதார் செய்த கலகம்' என மாணவரிடம் நாமே கூறியும் இருக்கிறோம். ஈராக்கியக் கவிஞர் நாஸிக் அல்மலாயிகாவை (1923–2007) ஊன்றிப் படித்தபின் அக்கூற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

1947இல் எகிப்தில் காலரா பரவியபோது அவர் 'காலரா' என்னும் கவிதையை யாத்தார். பிணவண்டிகளை இழுத்த குதிரைகளின் குளம்போசையை அதில் கொணர முயன்றதாக அவரே எழுதியுள்ளார். அதற்கு அவர் கைக்கொண்டது அதே முததாரக்கின் 'கபப்' வடிவம். கபப் என்பது குதிரையின் ஒருவகை ஓட்டத்தைக் குறிக்கும் சொல்! பழைய பைத்தின் இரு பாதிகளிலும் சீர்கள் எண்ணொத்து நிற்க வேண்டும். அவரோ சீரை விடவில்லை. எண்ணிக்கையை மட்டுமே விட்டார். முதலடியில் இரண்டே சீர். அடுத்த அடி நீள்கிறது.

ஏன் விட்டார் என்பதை 1949இல் வெளிவந்த 'ஷளாயா வ ரமாத்' தொகுப்பின் முன்னுரையில் விளக்குகிறார். தம் அடிகள் சிலவற்றையே பழைய அளவில் மாற்றியமைத்து, கருத்து முடிந்த பின்னும் அளவு முடியாமையால் வேண்டாத சொற்கள் நுழைவதைக் காட்டுகிறார். அரபுத் திறனாய்வாளர் இதனை 'ஹஷ்வு' என்பர். (விழாக்களுக்கென நாம் இயற்றிய வரவேற்புக் கஸீதாக்களை இன்று எடுத்துப் பார்த்தால் பாதி ஹஷ்வுதான்.)

எகிப்தில் கவிதைக் குழுவின் பொறுப்பிலிருந்த அறிஞர் அக்காத், இத்தகைய கவிதைகளை உரைநடைக் குழுவுக்கு அனுப்பிவைத்தார். அவற்றில் சீர் குலையாது நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆயினும் நாஸிக்கின் எல்லா முடிவுகளும் நமக்கு உடன்பாடல்ல. 1962இல் எழுதிய திறனாய்வு நூலில் ஐஞ்சீரடியும் ஒன்பது சீரடியும் செவிக்கு ஒவ்வா என விதிக்கிறார். உணர்வின் நீளமே அடியின் நீளம் என வாதிட்டவர், அவ்வுணர்வு ஐந்தாம் சீரில் முடிந்தால் என்ன செய்யச் சொல்கிறார்? சீரே இல்லாத உரைநடையைக் கவிதை என அழைக்க அவர் மறுத்தது வேறு. அதில் நாம் அவர் பக்கமே. தம் கவிதையே இவ்வகையின் தொடக்கம் என அந்நூலில் உரைத்தவர், 1932 முதலே இம்முயற்சிகள் இருந்தமையைப் பிந்தைய பதிப்பின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அந்நேர்மை போற்றத்தக்கது.

அண்மையில் 'காலரா'வின் தொடக்க அடிகளைக் கரும்பலகையில் எழுதி, தக்தீஃ செய்யுமாறு மாணவரைப் பணித்தோம். பஹ்ரின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு நெடுநேரம் ஆகவில்லை.