கைக்கு எட்டாத முருகன்

மலேசியாவின் பத்துமலையில் 2006 ஜனவரியில் 140 அடி முருகன் எழுந்தார். 2022இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன். அதே ஆண்டில் ஹைதராபாத் அருகே ராமானுஜருக்கு 216 அடி, ராஜஸ்தான் நாத்துவாராவில் சிவனுக்கு 369 அடி. செய்திகளில் சிலையின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இராது. அடிக்கணக்கு மட்டும் தலைப்பிலேயே இருக்கும். கேட்டால் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: மனிதன் சிலை வடிப்பதே பிரமிப்புக்காகத்தான், உயரம் கூடினால் பிரமிப்பு கூடும், பிரமிப்பு கூடினால் பக்தி கூடும். தஞ்சைப் பெரிய கோயிலையும் சாட்சிக்கு இழுத்துவிடுவார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மலேசியாவில் சிறுபான்மையாக வாழும் தமிழருக்கு அந்தப் பொன்னிற உருவம் தரும் தலைநிமிர்வு பொய்யில்லை. சுதைவேலை தெரிந்தவர்களுக்குப் பிழைப்புக் கிடைக்கிறது. கோயில் வாசலிலேயே பலரை நிறுத்திவைத்த நம் நாட்டில், வாசலுக்கு வெளியிலிருந்தே சாமி தெரிவதும் சின்ன விஷயமில்லை.

ஆனால் பிரமிப்புக்காகத்தான் சிலை என்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. பிரமிக்கவா மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையாராக்குகிறோம்? இரண்டு விரல் உயரம், தலையில் ஓர் அருகம்புல். பிடிக்க அரை நிமிடம் போதும். பிடித்த கையோடு அவருக்குக் குங்குமம் வைக்கிறோம், வெல்லம் படைக்கிறோம், வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். பெரிய கோயில்களிலும் நாள் முழுக்க நடப்பது இதன் விரிவுதான். காலையில் எழுப்புவது, நீராட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, இரவில் பள்ளியறைக்கு அனுப்புவது. அக்னி நட்சத்திர வெயிலில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசிக்கு 108 போர்வை சாற்றுகிறார்கள். அண்டத்தையே ஆள்பவருக்குக் குளிருமே என்று கவலைப்படுகிற மனம் இது. மனிதனைச் சிலையிடம் இழுப்பது இந்தக் கவலைதான். தன்னைக் காப்பவரைத் தானும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. வைணவர்கள் இதை அர்ச்சாவதாரம் என்று தத்துவமாகவே வைத்தார்கள்: வைகுண்டத்தில் இருப்பவர் அர்ச்சகர் கைக்குள் அடங்கி, நீராட்டினால் நீராடி, படைத்தால் உண்கிறார்.

கல்லுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று சிவவாக்கியர் முதல் பெரியார் வரை கேட்டார்கள். எதிர்த்தவர்கள் உபசாரம் என்ற சரியான இடத்தில்தான் அடித்தார்கள். ஆதரிப்பவர்கள்தான் பிரமிப்பு என்ற தவறான இடத்தைக் கட்டிக் காக்கிறார்கள்.

உயரம் மட்டுமே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி. அர்ச்சகர் ஏறி நின்று அபிஷேகம் செய்கிறார், வடைமாலை சாற்றுகிறார். சிரவணபெளகொளாவின் கோமடேசுவரர் 57 அடி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டிக் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்கள். தஞ்சையில் வானளாவ நிற்பது விமானம். உள்ளே இருக்கும் லிங்கமும் பெரியதுதான், ஆனாலும் அதற்குத் தினமும் நீராட்டு நடக்கிறது. ராஜராஜனைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் கருவறைவரை போவதில்லை.

பத்துமலைச் சிலைக்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்பு, 300 லிட்டர் தங்க வண்ணம் செலவானதாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். இவ்வளவும் செய்தபின் அவரைக் குளிப்பாட்டுவது யார்? மழைதான். தைப்பூசத்தின்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தில் வரும் உற்சவருக்குத்தான் வழிநெடுக விடிய விடிய அர்ச்சனைத் தட்டு நீள்கிறது. காவடியும் பால்குடமும் 140 அடி முருகனின் காலடியைக் கடந்து, 272 படி ஏறி, குகைக்குள் இருக்கும் சின்னச் சந்நிதிக்குப் போகின்றன. நேர்த்திக்கடனை எங்கே இறக்கிவைப்பது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய சிலை சாலையோர விளம்பரப் பலகையின் வேலையைச் செய்கிறது: சாமி உள்ளே இருக்கிறார், வண்டியை இங்கே நிறுத்தவும்.

இதைச் சிலை வழிபாடு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. இது ஊருக்கு ஊர் நடக்கிற போட்டி. 140ஐ 146 வென்றது. நாளை 146 தோற்கும். தோற்ற சாமிக்கு அப்புறம் வண்ணம் அடிக்கக்கூடப் பணம் திரளுமா? மஞ்சள் பிள்ளையாருக்கு இந்தக் கதி என்றுமே வந்ததில்லை.

தமிழ்நாட்டில் ஒருவேளைப் பூசைக்கே வருமானம் இல்லாத கோயில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்காகவே அறநிலையத் துறை ஒருகால பூஜைத் திட்டம் என்று ஒன்றை நடத்திவருகிறது. அடுத்த பெரிய சிலைக்கு நன்கொடைச் சீட்டோடு உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், உங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு கோயிலின் பெயரைச் சொல்லி, அங்கே இன்று விளக்கு ஏற்றியது யார் என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு பணம் கொடுங்கள்.